கோவிலோடு திரும்பாதீங்க! மாசி வீதிச் சந்துகளில் சிதறிக் கிடக்கும் ராஜா தலைநகரம்

மதுரைக்கு விருந்தாளி வந்தால் என்ன நடக்கிறது?

காலையில் ஜங்ஷனில் இறங்குகிறார்கள். ஆட்டோ பிடித்து மீனாட்சி அம்மன் கோவிலுக்குப் போகிறார்கள். கூட்டத்தில் முண்டியடித்துச் சாமி கும்பிடுகிறார்கள். பொற்றாமரைக் குளத்துப் படியில் பத்து நிமிடம் உட்காருகிறார்கள். வெளியே வந்து ஒரு ஜிகர்தண்டா. அப்புறம் மாட்டுத்தாவணியில் ராமேஸ்வரம் பஸ், இல்லாவிட்டால் ஆரப்பாளையத்தில் கொடைக்கானல் பஸ். அத்தோடு மதுரை முடிந்தது!

அவர்கள் பார்த்தது கோவிலை. ஊரை அல்ல.

பாண்டியர்களுக்கும், பிறகு நாயக்கர்களுக்கும் தலைநகரமாக இருந்த ஊர் இது. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் கட்டிய தலைநகரத்தின் துண்டுகள் இன்னும் கோவிலைச் சுற்றி ஒரு மைல் தூரத்துக்குள்ளேயே கிடக்கின்றன. ஒரு துண்டு பாத்திரக் கடைகளுக்கு நடுவே. இன்னொன்று ஜவுளிக் கடைச் சந்துக்குள்ளே. ஒன்றுக்கு டிக்கெட் உண்டு. மற்றதெல்லாம் இனாம்!

வெளியூர்க்காரர்களை விடுங்கள். தினமும் அந்தச் சந்து வழியாகவே வேலைக்குப் போகிற உள்ளூர்க்காரர்களில் எத்தனை பேர் நின்று அண்ணாந்து பார்த்திருப்பார்கள்?

பரீட்சை லீவில் சித்தப்பா, பெரியப்பா குடும்பம் வந்து இறங்கினால் சுற்றிக் காட்ட ஒரு நாள் போதும். பெரும்பாலும் நடைதான். செலவும் அதிகம் ஆகாது. ஆனால் எதை முதலில் பார்ப்பது என்கிற வரிசை முக்கியம்.

அதிகாலையே கோவில்

கோவில் நடை காலை 5 மணிக்குத் திறக்கும். மதியம் 12.30-க்குச் சாத்தினால் மறுபடி 4 மணிக்குத்தான். இது தெரியாமல் 12 மணிக்கு வந்து வெயிலில் வாடுகிற குடும்பங்களைச் சித்திரை வீதியில் தினமும் பார்க்கலாம். ஆறு மணிக்கு உள்ளே போனால் எட்டரைக்கு நிதானமாக வெளியே வந்துவிடலாம்.

செல்போன் உள்ளே கொண்டு போக முடியாது. வாசலில் கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும். அரைக்கால் சட்டை, லுங்கி என்று போனால் திருப்பி அனுப்பி விடுவார்கள்.

மொத்தம் 14 கோபுரங்கள். கிழக்குக் கோபுரம்தான் மூத்தது. 13-ம் நூற்றாண்டில் பாண்டியர் கட்டியது. தெற்குக் கோபுரம்தான் எல்லாவற்றிலும் உயரம். 160 அடிக்கு மேல். வடக்குக் கோபுரம் மேலே வேலை முடியாமல் நெடுங்காலம் நின்றதால் 'மொட்டைக் கோபுரம்' என்று பேர் வாங்கியது. 19-ம் நூற்றாண்டில் வேலையை முடித்துவிட்டார்கள். பேர் மட்டும் போகவில்லை. அங்கே காவல் இருக்கும் முனீஸ்வரருக்கும் 'மொட்டைக் கோபுரத்து முனி' என்றே பேர்!

ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்கள்தான் இருக்கின்றன. பிள்ளைகளை விட்டு எண்ணச் சொல்லலாம். அரை மணி நேரம் சத்தம் இருக்காது.

அந்த மண்டபத்தின் பக்கத்தில் இருப்பதுதான் வீரவசந்தராயர் மண்டபம். 2018-ம் வருடம் பிப்ரவரி 2-ந் தேதி இரவு அங்கே இருந்த கடைகளில் தீப்பிடித்தது. கடைகள் சாம்பலானது மட்டும் அல்ல. நூற்றாண்டுகளாக நின்ற கல் தூண்களும், கூரையும் வெடித்து விழுந்தன. கல்தானே, தீ என்ன செய்யும் என்று நினைத்தவர்கள் மறுநாள் காலையில் வந்து பார்த்துத் தலையில் கை வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் கோவிலுக்குள் இருந்த கடைகள் வெளியேறின.

"மாடிக்கு வாங்க சார்!"

வெளியே வந்ததும் உஷாராக இருக்க வேண்டும். சித்திரை வீதியில் சிரித்த முகத்தோடு ஓர் ஆசாமி வருவார்.

"சார், எங்க கடை மாடில இருந்து பாத்தா கோபுரம் பூரா தெரியும். காசு வேணாம் சார், சும்மா பாத்துட்டுப் போங்க" என்பார்.

மாடியும் நிஜம். கோபுரம் தெரிவதும் நிஜம். ஆனால் இறங்கி வருகிற வழி கடைக்குள்ளே இருக்கும்! கம்பளம், பித்தளைச் சிலை, சால்வை என்று ஒன்று மாற்றி ஒன்று விரிப்பார்கள். அழைத்து வந்த ஆசாமிக்கு அதில் கமிஷன். வாங்குகிறதும் வாங்காததும் அவரவர் இஷ்டம். வெறுங்கையோடு இறங்கி வந்தால் யாரும் ஜெயிலில் போட மாட்டார்கள். சங்கடப்பட்டு வாங்குகிறவர்களை நம்பித்தான் அந்த வியாபாரம் நடக்கிறது.

பெண்கள் திருவிழாக் கூட்டத்தில் நகையை முந்தானைக்குள் மறைத்துக் கொள்வது நல்லது. கூட்டத்தில் கைவரிசை காட்டும் ஆசாமிகளுக்குக் கோவில் வாசல் என்றும் பார்ப்பதில்லை.

யானைக்குக் கரும்பு

கிழக்குக் கோபுரத்துக்கு நேர் எதிரே புதுமண்டபம். பேர்தான் புது. கட்டி 390 வருடத்துக்கு மேல் ஆகிறது. சாமிக்கு வசந்த விழா நடத்த திருமலை நாயக்கர் கட்டியது. 124 தூண்கள்.

பழைய ஆட்களுக்குப் புதுமண்டபம் என்றால் தையல்கடைதான் ஞாபகம் வரும். துணி எடுத்துக் கொடுத்துவிட்டுக் கோவிலுக்குப் போய் வந்தால் சட்டை தயார்! புத்தகக் கடை, வளையல் கடை, பித்தளைச் சாமான் கடை எல்லாம் சிலைகளின் காலடியில் நடந்தன. கல் ராஜாவின் தோளில் ஹேங்கர் தொங்கும். சில வருடங்களுக்கு முன்பு கடைகளைப் பக்கத்தில் உள்ள குன்னத்தூர் சத்திரத்துக் கட்டிடத்துக்கு மாற்றினார்கள். வியாபாரிகளுக்கு வருத்தம்தான். தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்த இடம். ஆனால் வீரவசந்தராயர் மண்டபத் தீயைப் பார்த்த பிறகு மறுத்துப் பேச யாரால் முடியும்?

உள்ளே திருமலை நாயக்கர் தன் ராணிகளோடு கல்லில் நிற்கிறார். தொந்தியும் கும்பிட்ட கையுமாக! கல் யானைக்குக் கரும்பு கொடுத்த திருவிளையாடலும் அங்கே உண்டு. வேலை நடக்கிற நாளில் உள்ளே விட மாட்டார்கள். கவலை வேண்டாம். வெளி வரிசைத் தூண்களில் உள்ள யாளிகளையும் குதிரைகளையும் தெருவில் நின்றே பார்க்கலாம்.

கோபுரத்துக்குள் பாத்திரக் கடை

அப்படியே கிழக்கே திரும்பினால் ராயகோபுரம். 'எங்கே கோபுரம், எங்கே கோபுரம்' என்று தேடுவார்கள். பார்த்துக்கொண்டு இருப்பதே கோபுரம்தான்!

மீனாட்சி கோவில் கோபுரங்களை எல்லாம் மிஞ்சுகிற மாதிரி ஒன்று கட்ட திருமலை நாயக்கர் ஆசைப்பட்டார். அடிப்பாகம் மட்டும் 170 அடிக்கு மேல் நீளம். நிலைக்கால் ஒவ்வொன்றும் ஒரே கல், 50 அடிக்கு மேல் உயரம். கல் வேலை முடிந்து மேலே செங்கல் வேலை ஏறுவதற்குள் எல்லாம் நின்று போனது. இன்றைக்கும் அப்படியே நிற்கிறது. சுற்றிலும் எவர்சில்வர் குடமும், அலுமினியச் சட்டியும் அடுக்கி இருக்கும். குடம் வாங்க வருகிறவர்கள் கொஞ்சம் பின்னால் நகர்ந்து நின்று அந்தக் கல்லின் கொடி வேலைப்பாட்டைப் பார்க்க வேண்டும். கட்டி முடித்திருந்தால் மதுரையின் அடையாளமே இதுவாகத்தான் இருந்திருக்கும்.

பக்கத்தில்தான் ஏழுகடல் தெரு. மீனாட்சியின் தாயார் காஞ்சனமாலை கடலில் நீராட ஆசைப்பட, சிவன் ஏழு கடலையும் அங்கே வரவழைத்தார் என்பது புராணம். புராணக் குளம் இருந்த இடத்தில் இன்றைக்குக் கடைகள். தெருவின் பேரில்தான் கடல் இருக்கிறது.

இடித்தவருக்கு ஒரு விளக்கு

மதுரைக்கு ஒரு காலத்தில் கோட்டை இருந்தது. 72 கொத்தளங்கள். கொத்தளத்துக்கு ஒரு பாளையக்காரர் காவல் என்று 72 பாளையக்காரர்கள். கோட்டையைச் சுற்றி அகழி.

அந்தக் கோட்டை எங்கே போனது?

1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் அதை இடித்தார். பீரங்கி வைத்து அல்ல. வெறும் அறிவிப்பு வைத்து! 'சுவரை இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கு அந்த இடம் சொந்தம்' என்றார். அவ்வளவுதான். ஊரே கடப்பாரையோடு கிளம்பிவிட்டது. பெரிய ராஜாக்களை எல்லாம் தடுத்து நிறுத்திய சுவரை, மனைக்கு ஆசைப்பட்ட ஜனங்கள் தரைமட்டம் ஆக்கினார்கள்.

அப்படி வந்த இடத்தில் போட்டதுதான் வெளிவீதிகள். நிலத்தை அளந்த சர்வேயர் மாரட். அவர் பேரில் மாரட் வீதி. இடிப்பு வேலையை மேற்பார்த்தவர் பெருமாள் மேஸ்திரி. அவர் பேரில் பெருமாள் மேஸ்திரி வீதி. தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் அந்தப் பேர்களைப் பார்சல் முகவரியில் எழுதுகிறார்கள். ஒரு மேஸ்திரிக்கு இதைவிடப் பெரிய கவுரவம் கிடைக்காது.

பிளாக்பர்னையும் அடியோடு குறை சொல்ல முடியாது. அந்த அகழி அப்போது கழிவு தேங்கிய சாக்கடை. காய்ச்சல் பரப்பியது. கோட்டைக்குள் ஜனங்கள் நெருக்கி அடித்து மூச்சுத் திணறினார்கள். ஊர் வளர வழி செய்ததற்காக அவர் நினைவாக நிறுவியதுதான் கீழமாசி வீதி முனையில் நிற்கும் இரும்பு விளக்குத்தூண். பக்கத்தில் உள்ள போலீஸ் நிலையத்துக்கும் அதே பேர். ஆனாலும் 72 கொத்தளத்தில் பத்தையாவது விட்டு வைத்திருக்கலாம்!

விட்டு வைத்தது ஒன்று உண்டு. அம்மன் சன்னதியில் இருந்து கிழக்கே நடந்தால் 'விட்டவாசல்' வரும். மற்ற வாசல்களை இடித்தபோது இதை மட்டும் விட்டதால் அந்தப் பேர் என்று சொல்வார்கள். கீழவாசல், மேலவாசல், தெற்குவாசல் எல்லாம் இப்போது பஸ் ஸ்டாப் பேராகத்தான் இருக்கின்றன.

நைட்டிக்குப் பின்னால் பத்துத்தூண்

விளக்குத்தூணில் இருந்து மகால் பக்கம் போகிற சந்துக்குள் நுழைய வேண்டும். இரண்டு பக்கமும் ரெடிமேட் கடைகள். நைட்டி, பாவாடை, பனியன் என்று தோரணம் தொங்கும். அதற்கு மேலே அண்ணாந்து பார்த்தால் திக்கென்று இருக்கும். ஏறக்குறைய 40 அடி உயரத்தில், கூரை இல்லாமல், வரிசையாகப் பத்துக் கல் தூண்கள்!

நாயக்கர் அரண்மனை இங்கே வரை நீண்டு இருந்ததற்கு அதுதான் சாட்சி. அரண்மனையின் ஒரு பகுதி மொத்தமும் போய், தூக்கிக்கொண்டு போக முடியாத தூண்கள் மட்டும் நின்றுவிட்டன. பக்கத்துத் தெரு நவபத்கானா தெரு. 'நவபத்' என்றால் அரண்மனை வாசலில் முழங்கும் முரசு வாத்தியம். முரசு முழங்கிய இடத்தில் இப்போது 'ரெண்டு எடுத்தா ஒண்ணு ஃப்ரீ' முழங்குகிறது.

வியாபாரம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அந்தச் சந்தில் எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கின்றன. ஆனால் தூணில் ஆணி அடித்துக் கயிறு கட்டுவதும், இருட்டியதும் மூலையில் ஒதுங்குவதும், மோட்டார் சைக்கிளைத் தூணோடு ஒட்டி நிறுத்துவதும் என்ன நியாயம்? மாநகராட்சியும் தொல்லியல் துறையும் எத்தனை முறை பலகை வைத்தாலும், பலகையின் மேலேயே சட்டை தொங்கினால் யார் படிப்பது? பக்கத்துக் கடைக்காரர்கள் பத்துப் பேர் மனது வைத்தால் பத்துத்தூணுக்கு ஆளுக்கு ஒரு தூண் காவல் ஆகிவிடும்.

மகால்: மிச்சம் கால்வாசி

இங்கே இருந்து ஐந்து நிமிட நடையில் திருமலை நாயக்கர் மகால். காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை. மதிய வெயிலில் ஒதுங்க இதைவிடக் குளிர்ச்சியான இடம் டவுனுக்குள் கிடையாது.

1636-ல் கட்டியது. இத்தாலிக்காரர் ஒருவரின் கைவண்ணம் என்று சொல்வார்கள். உள்ளே நுழைந்ததும் பரந்த முற்றம். சுற்றிலும் தூண்கள். ஒரு தூணைச் சுற்றிப் பிடிக்க மூன்று பேர் கை கோக்க வேண்டும். எல்லாம் செங்கல், சுண்ணாம்பு. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்துப் பூசியதால்தான் அந்த வழவழப்பு என்பார்கள். எதிரே மேடையும், மேலே குவிந்த மாடமும் உள்ள பகுதிக்கு சொர்க்க விலாசம் என்று பேர். 1995-ல் வந்த 'பம்பாய்' படத்தில் மனிஷா கொய்ராலா ஆடிய 'கண்ணாளனே' பாட்டு இங்கே எடுத்ததுதான். அதைச் சொன்னால் வீட்டுப் பெண்கள் இன்னொரு சுற்று சுற்றி வருவார்கள்.

இவ்வளவு பெரிதாகத் தெரிகிறதே, இது முழு அரண்மனை அல்ல. கால்வாசிதான்! மீதியை அழித்தது எதிரிகள் அல்ல. சொந்தப் பேரன். திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரத்தைத் திருச்சிக்கு மாற்றினார். அங்கே அரண்மனை கட்ட இங்கே இருந்து கழற்றிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு கேட்பாரற்றுக் கிடந்தது. 1866 முதல் 1872 வரை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபுதான் செலவு செய்து நிமிர்த்தினார். சென்னை நேப்பியர் பாலத்துக்குப் பேர் கொடுத்தவர் இவரே.

அப்புறம் கோர்ட்டு வந்தது. 1970 வரை மகாலுக்குள் கோர்ட்டு நடந்தது. தூணுக்குத் தூண் கட்சிக்காரர்களும், கறுப்புக் கோட்டும், கைவிலங்கோடு கைதிகளும் நின்ற இடம் இது. ராஜா நியாயம் சொன்ன மண்டபத்தில் நீதிபதி தீர்ப்புச் சொன்னார்!

ஒரு வேதனையையும் சொல்லத்தான் வேண்டும். கை எட்டுகிற உயரம் வரை தூண்களைப் பாருங்கள். இதயம், அம்பு, 'ராஜா - செல்வி'! சாவியாலும் காசாலும் கீறியிருக்கிறார்கள். மேலே எத்தனை முறை பூசினாலும் மறுபடி கீறல். புறா எச்சம் வேறு. பிள்ளைகளோடு போகிறவர்கள் அவர்கள் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒலி-ஒளிக் காட்சி பார்க்க ஆசைப்படுகிறவர்கள், அன்றைக்குக் காட்சி உண்டா, எத்தனை மணிக்கு என்று டிக்கெட் கொடுக்கிற இடத்திலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

சட்டையைக் கழற்றிய ஊர்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேலமாசி வீதி. 251-ம் எண் வீட்டில்தான் 1921 செப்டம்பரில் காந்தி தங்கினார். 22-ந் தேதி காலையில் முழு உடையைக் கழற்றிவிட்டு அரைவேட்டியோடு வெளியே வந்தார். கடைசி வரை அதே உடைதான். லண்டனில் ராஜாவைப் பார்க்கப் போனபோதும் அப்படியே போனார்.

அங்கே இருந்து டவுன் பஸ் பிடித்து தமுக்கம் போனால் காந்தி மியூசியம். ராணி மங்கம்மாளின் அரண்மனை அது. 1959-ல் நேரு திறந்து வைத்தார். காந்தியைச் சுட்டபோது அவர் உடம்பில் இருந்த ரத்தக்கறை படிந்த துணி இங்கே இருக்கிறது. அந்த அறைக்குள் போகிறவர்கள் தானாகவே பேச்சை நிறுத்திவிடுவார்கள். அரைவேட்டிக்கு மாறிய ஊரிலேயே அந்தத் துணியும் வந்து சேர்ந்திருக்கிறது.

ராணி மங்கம்மாள் பேரைச் சொன்னதும் ஒரு விஷயம். ஜங்ஷனுக்கு நேர் எதிரே உள்ள மங்கம்மாள் சத்திரமும் அவர் கட்டியதுதான். ரெயிலுக்கு அவசரமாக ஓடுகிறவர்கள் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

சாயங்காலம் தெப்பக்குளம்

வெயில் தாழ்ந்ததும் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். 1645-ல் வெட்டியது. பரப்பு ஏறத்தாழ 16 ஏக்கர். மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம்தான் குளம் ஆனது என்பது ஊர்ப்பேச்சு. தோண்டும்போது கிடைத்த பெரிய பிள்ளையார்தான் மீனாட்சி கோவிலில் உள்ள முக்குறுணி விநாயகர். சதுர்த்திக்கு அவருக்கு 18 படி அரிசியில் ஒரே கொழுக்கட்டை!

பல வருடம் இந்தக் குளம் வறண்டு கிடந்தது. உள்ளே பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். தைப்பூசத் தெப்பத் திருவிழாவில் தேர் மாதிரி தெப்பத்தைத் தரையில் பார்த்த வருடமும் உண்டு. வைகைத் தண்ணீர் பனையூர் கால்வாய் வழியாக வர வழி செய்த பிறகு குளம் நிறைந்தது. இப்போது சாயங்காலம் ஆனால் நாலு பக்கச் சுவரிலும் இடம் கிடைக்காது. சுண்டல், பஜ்ஜி, பருத்திப்பால் எல்லாம் கரையிலேயே உண்டு. சாப்பிட்ட காகிதத்தைக் குளத்துக்குள் வீசாமல் இருந்தால் போதும்.

இரவு தங்குகிறவர்களுக்கு இன்னொன்று. மறுநாள் காலையில் 12 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள கீழடிக்குப் போய் வரலாம். சிவகங்கை மாவட்டத்தில் இருந்தாலும் மதுரையில் இருந்துதான் பக்கம். நாயக்கர், பாண்டியர் கோவில்களுக்கு எல்லாம் முந்திய ஊர் மண்ணுக்குள் கிடந்து வெளியே வந்திருக்கிறது. அங்கே தோண்டி எடுத்த பானை, மணி, தாயக்கட்டை எல்லாம் 2023 மார்ச்சில் திறந்த மியூசியத்தில் இருக்கின்றன. செவ்வாய்க்கிழமை மட்டும் போகக்கூடாது. அன்றைக்கு லீவு.